பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நடுவே யார் நடப்பது?

மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று எழுத்துகளை இடம் மாற்றி எழுதுகிறது. வாசிக்கச் சொன்னால் வரியைத் தொலைத்துவிடுகிறது. அதே பாடத்தை வாய்வழியாகக் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறது. இந்தக் குழந்தை சென்னையில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஒரு பள்ளியில் படித்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆசிரியர் பெற்றோரை அழைத்துப் பேசுவார். பள்ளியின் உளவியல் ஆலோசகர் ஒரு குழந்தைகள் நல மருத்துவரின் பெயரைச் சொல்வார். சில வாரங்களில் 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லும், பின்னாலேயே ஒரு சான்றிதழும் வந்து சேரும். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று அந்தச் சான்றிதழ் வழிகளைத் திறந்துவிடும்.

இதே குழந்தை சேரியிலிருந்து அரசுப் பள்ளிக்கு நடந்துவரும் குழந்தையாக இருந்தால் அதற்குக் கிடைக்கும் பெயர் 'மக்கு'. கோபக்கார ஆசிரியர் என்றால் இன்னொரு வாக்கியமும் சேரும்: "இதுங்களுக்கெல்லாம் எங்க படிப்பு ஏறப்போகுது?" அந்த 'இதுங்க' யார் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரே சிக்கலுக்கு ஓரிடத்தில் மருத்துவம் பெயர் வைக்கிறது. இன்னோரிடத்தில் சாதி பெயர் வைக்கிறது.

2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தைப் பார்த்து நம்மில் பலர் அழுதோம். அதில் வரும் சிறுவனின் பெயர் இஷான் அவஸ்தி. அவனை அடித்தார்கள், திட்டினார்கள், விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆனால் அவனுக்குப் படிப்பு வராததற்கு அவன் பிறப்பைக் காரணமாக யாரும் சொல்லவில்லை. அவன் படிக்க வேண்டியவன் என்பதில் ஒருவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அதனால்தான் 'ஏன் படிக்கவில்லை?' என்ற கேள்வி அங்கே எழ முடிந்தது. நம் குழந்தைகளின் விஷயத்தில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. கேள்வி எழாத இடத்தில் மருத்துவர் எதற்கு?

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகப் பள்ளியும் மருத்துவரும் சேர்ந்து இயங்க வேண்டும் என்பது கேட்பதற்கு நிர்வாகத்துறைச் சுற்றறிக்கை போல இருக்கும். நான் இதைச் சாதி ஒழிப்பின் கேள்வியாகப் பார்க்கிறேன். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சிலர் அறிமுகத்தாலும் பணத்தாலும் ஆங்கிலத்தாலும் கடந்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்காக அந்தத் தூரத்தை அரசுதான் கடக்க வேண்டும். அரசு கடக்காதபோது ஒரு அம்மா கூலியை விட்டுவிட்டு நடக்கிறார்.

<b>சட்டம் எழுதிய சங்கிலி</b>

சட்டத்தில் குறையில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21ஆக விரித்தது. கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிவது கல்வி நிறுவனத்தின் கடமை என்கிறது அதன் 16ஆம் பிரிவு. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையிடம் சொல்கிறது 25ஆம் பிரிவு. 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது 31ஆம் பிரிவு. கற்றல் குறைபாட்டை மதிப்பிட 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவானது: அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, தலைமையாசிரியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும், மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முந்தியதோ அப்போது, ஆசிரியர்கள் முதல்கட்டச் சோதனையைச் செய்ய வேண்டும், அங்கிருந்து குழந்தைகள் நல மருத்துவர், பிறகு உளவியலாளர் என்று சங்கிலி நீளும்.

கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தத்தையும் நாம் மறக்கக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் இடம்பெற்றிருந்த 'பின்தங்கிய பிரிவுக் குழந்தை' என்ற வரையறைக்குள் மாற்றுத்திறனாளிக் குழந்தையும் சேர்க்கப்பட்டது அந்தத் திருத்தத்தில்தான். சட்டம் இருவரையும் ஒரே வரியில் உட்கார வைத்தது. இரண்டுமாக இருக்கும் குழந்தையைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசியதில்லை. அந்தக் குழந்தைகள் குறைவானவர்களும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு. பேறுகாலச் சத்துணவு, குடிநீர், ஆபத்தான வேலை, தாமதமாகக் கிடைக்கும் சிகிச்சை என எல்லாமே சாதிவாரியாகப் பிரிந்துகிடக்கும் நாட்டில் குறைபாடு மட்டும் சமமாகப் பிரியுமா?

<b>மூன்று எண்கள், ஒரு நெகிழிப் பை</b>

முனைவர் பட்ட ஆய்வுக்காக வட தமிழகத்தின் ஒரு மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கும் வட்டார வள மையங்களுக்கும் போய்வருகிறேன். அங்கே நான் பார்த்த ஒவ்வொரு அம்மாவிடமும் ஒரு நெகிழிப் பை இருந்தது. பிரசவ அட்டை, ஸ்கேன், மருந்துச் சீட்டுகள், முகாமில் கொடுத்த காகிதம், அடையாள அட்டையின் நகல். "டாக்டர் கேட்டா பள்ளிக்கூடத்துச் சீட்டு, பள்ளிக்கூடம் கேட்டா டாக்டர் சீட்டு. எல்லாத்தையும் நான்தான் தம்பி தூக்கிட்டு அலையறேன்" என்றார் ஒருவர். அவர் மகனுக்கு மூளை முடக்குவாதம். ஒரு முறை மாவட்ட மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். பேருந்துச் செலவு தனி.

கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அந்த அம்மாவுக்கு 'பிக்மி' எண் கிடைத்தது. பள்ளியில் சேர்த்ததும் மகனுக்கு 'எமிஸ்' எண். குறைபாட்டுக்குத் தேசிய அடையாள அட்டையின் எண். மூன்றும் அரசு கொடுத்தவை. குழந்தை பிறந்ததும் அழவில்லை என்பது பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கு முதல் நாளே தெரியும். ஆறு வருடம் கழித்து வகுப்பாசிரியர் அதைத் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் கண்டுபிடிக்கும்போது அதற்குப் பெயர் 'மந்தம்'.

பள்ளிக்கு மருத்துவர் வருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறை அரசுப் பள்ளிக்கும், இரண்டு முறை அங்கன்வாடிக்கும் வர வேண்டும். கண்டறிந்த குழந்தைகளை மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வட்டாரந்தோறும் மருத்துவ மதிப்பீட்டு முகாம்கள் நடத்துகிறது. ஆனால் முகாம் மேசையில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது சில நிமிடம். அங்கிருந்து வெளியே வருவது ஒரு விழுக்காடு. 40ஐத் தொட்டால் சலுகைகள் உண்டு, தொடாவிட்டால் இல்லை. அந்த எண்ணை வைத்துப் பேருந்துப் பயணச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். நாளைக்குக் காலையில் இந்தப் பையனுக்குக் கழித்தல் கணக்கை எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்கும் ஆசிரியருக்கு அந்த எண் ஒரு பதிலும் சொல்லாது.

இன்னொன்று. 2021இல் தமிழ்நாடு இரண்டு நல்ல திட்டங்களைத் தொடங்கியது: ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்', அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'. இரண்டும் வாசற்படி வரை வந்தன. வந்த இரண்டும் ஒன்றையொன்று தேடியதை என் களத்தில் நான் பார்க்கவில்லை. தாத்தாவுக்கு இயன்முறைப் பயிற்சி கொடுக்க வரும் பணியாளர், அதே வீட்டில் பள்ளிப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்க வீட்டிலேயே படுத்திருக்கும் பேத்தியைப் பற்றிப் பள்ளியிடம் சொல்வதற்கு ஒரு வழி கிடையாது.

<b>முன் வரிசை யாருக்கு?</b>

சரி, மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 'பார்வை குறைவு, முன் வரிசையில் உட்கார வைக்கவும்' என்று சீட்டில் இருக்கிறது. அந்தச் சீட்டு நுழையும் வகுப்பறைக்கு ஏற்கெனவே ஓர் இருக்கை ஒழுங்கு இருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத்துணியில், மூலையில் தனியாக உட்கார வைக்கப்பட்ட சிறுவனாகத்தான் அம்பேத்கர் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். சாக்கு போய் பெஞ்ச் வந்துவிட்டது. கடைசி பெஞ்ச் யாருடையது என்பது பல ஊர்களில் இன்னும் மாறவில்லை. முன் வரிசைக்கு ஒரு சேரிக் குழந்தையை அனுப்பினால் ஊர்ப் பெற்றோர் வந்து கேட்பார்கள் என்று தயங்கும் ஆசிரியரை நான் சந்தித்திருக்கிறேன். கண் மருத்துவரின் ஆலோசனை அங்கே சாதியின் வாசலில் நின்றுவிடுகிறது.

நாங்குநேரியில் 2023இல் நடந்த கொடூரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கப் பரிந்துரைத்தது. அகரவரிசையில் அமர்த்துவதும், கண்ணுக்கோ காதுக்கோ தேவைப்படும் குழந்தையை முன்னே அமர்த்துவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டுமே இருக்கையைச் சாதியின் கையிலிருந்து பிடுங்குகின்றன.

காதுக்கும் இதே கதைதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை நடக்கிறது. பல லட்சம் ரூபாய் செலவாகும் சிகிச்சை அது. அரசு செய்வது பெருமைக்குரியது. ஆனால் அறுவை முடிந்ததும் குழந்தைக்குக் கேட்டுவிடாது. வரும் ஒலியைச் சொல்லாகப் புரிந்துகொள்ள மாதக்கணக்கில் கேட்டல் பயிற்சி வேண்டும். பிறகு வகுப்பறையில் ஆசிரியர் முகம் பார்த்துப் பேச வேண்டும், இரைச்சல் குறைவான இடம் வேண்டும், கருவியின் மின்கலம் தீர்ந்ததா என்று யாராவது கவனிக்க வேண்டும். மருத்துவமனையின் கோப்பில் 'வெற்றி' என்று முடிந்த சிகிச்சை, பள்ளியில் அடுத்த கை நீளாவிட்டால் தோல்வியாகிறது.

<b>சேர்ந்துகொண்டு ஒதுக்குவதும் நடக்கும்</b>

பள்ளியும் மருத்துவரும் கைகோத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பவும் வரலாறு விடவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனைகளின் பேரில் கறுப்பினக் குழந்தைகள் மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளில் அளவுக்கு மீறித் தள்ளப்பட்டார்கள். 'லாரி பி. எதிர் ரைல்ஸ்' வழக்கில் 1979இல் நீதிமன்றம் அந்தச் சோதனைகளைப் பாகுபாடு என்று சொல்லித் தடுத்தது. செக் நாட்டின் ஓஸ்த்ராவா நகரில் ரோமா குழந்தைகள் உளவியல் சோதனையின் பேரில் சிறப்புப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டதை 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பாகுபாடு என்றே தீர்ப்பளித்தது. அங்கெல்லாம் பள்ளியும் நிபுணர்களும் நன்றாகத்தான் ஒத்துழைத்தார்கள். குழந்தைக்கு எதிராக ஒத்துழைத்தார்கள்.

நம் ஊரில் இது நடக்காது என்று யார் சொல்ல முடியும்? பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி காட்ட வேண்டிய பள்ளிக்குப் 'படிப்பு வராத' குழந்தையைக் கணக்கிலிருந்து நீக்க ஒரு மருத்துவச் சான்று மிக வசதியான கருவி. தீவிரக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 2012 திருத்தம் கொடுத்த வீட்டுவழிக் கல்வி உரிமையும், பள்ளி கைகழுவும் வழியாக மாறக்கூடும் என்று மாற்றுத்திறனாளி இயக்கங்கள் எச்சரித்திருக்கின்றன. சேரிக் குழந்தைக்கு இரு பக்கமும் அடி விழுகிறது: தேவையான பெயர் கிடைப்பதில்லை, தேவையில்லாத பெயர் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. அதனால் மருத்துவரும் ஆசிரியரும் பேசிக்கொள்ளும் அறையில் அந்த அம்மாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

<b>நான்கு வரிக் கடிதம்</b>

இது ஆகாத காரியம் இல்லை. நான் போய்வரும் ஒரு தொடக்கப் பள்ளியில் வலிப்பு வரும் ஒரு சிறுமி இருந்தாள். வகுப்பில் ஒருமுறை வலிப்பு வந்ததும் மற்ற குழந்தைகள் ஓடினார்கள். யாரோ அவள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். 'சரியானதும் அனுப்புங்க' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதங்கள் ஓடின. புதிதாக வந்த தலைமையாசிரியை ஒரு வேலை செய்தார். வலிப்பு எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அதன்பின் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று அம்மாவிடமும் வகுப்பாசிரியரிடமும் கேட்டு, ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குக் கொடுத்தனுப்பினார். அந்த மருத்துவரும் தமிழிலேயே நான்கு வரி பதில் எழுதினார்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவி வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள். மற்ற நாட்களில் அவளை எல்லாரையும் போல நடத்துங்கள்.

நான்காவது வரியும் மருத்துவ ஆலோசனைதான். அந்தக் கடிதம் ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டப்பட்டது. சிறுமி பள்ளிக்கு வந்தாள். ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் அந்தத் தலைமையாசிரியை மாறுதலாகிப் போனால்? இரண்டு நல்ல மனிதர்கள் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டதை நாம் அமைப்பு என்று சொல்ல முடியாது.

ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் திட்டித் தீர்ப்பது என் நோக்கமில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொண்டு செயலியிலும் விவரம் நிரப்பும் பள்ளிகள் இருக்கின்றன. புறநோயாளி வரிசை வாசல் வரை நிற்கும்போது மருத்துவர் யாருக்குக் கடிதம் எழுதுவார்? நடுவில் நிற்க வேண்டியவர்கள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும். அவர்களோ ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். ஒருவர் பல பள்ளிகளைச் சுற்றிவருகிறார். தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை, உச்ச நீதிமன்றத்தின் 2021 அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகு, ஒன்றிய அரசு வகுத்தது. அதே ஒன்றிய அரசு பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டுக்குச் சேர வேண்டிய சுமார் 2,150 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. கல்விக் கொள்கைச் சண்டையில் அடிபட்டவர்களின் வரிசையில் இந்தச் சிறப்பாசிரியர்களும் அவர்களுக்காகக் காத்திருக்கும் குழந்தைகளும் உண்டு. ஒன்றிய அரசின் அந்த அநீதியை எதிர்ப்போம். அதே நேரம், பணி நிரந்தரம் மாநில அரசு எடுக்க வேண்டிய முடிவு என்பதையும் சொல்வோம்.

<b>என்ன கேட்க வேண்டும்?</b>

முதலாவது, திரும்பி வரும் சீட்டு. பள்ளி அனுப்பும் பரிந்துரைக்கு மருத்துவமனையிலிருந்து எழுத்தில் பதில் வர வேண்டும். தமிழில், ஒரு பக்கத்துக்குள், நோயின் பெயரோடு நின்றுவிடாமல் வகுப்பறையில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் பதில். அதன் ஒரு பிரதி பெற்றோருக்கு. அவர்கள் சம்மதமில்லாமல் அது வேறு எங்கும் போகக் கூடாது.

இரண்டாவது, அலைச்சல் அரசின் வேலையாக வேண்டும். மருத்துவமனைக்குக் குழந்தையோடு போவது சிறப்பாசிரியரின் பணியில் சேர வேண்டும். அம்மாவுக்குப் பயணச் செலவும் அன்றைய கூலியும் தரப்பட வேண்டும். அதற்குத் தேவையான எண்ணிக்கையில் நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும்.

மூன்றாவது, எந்த மருத்துவச் சான்றும் குழந்தையைப் பள்ளியை விட்டு அனுப்பும் காகிதமாகக் கூடாது. மதிப்பீட்டை மறுத்து இன்னொரு மருத்துவரிடம் கேட்கும் உரிமை பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

நான்காவது, கணக்கைக் காட்டுங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் பெற்றுப் பொதுத்தேர்வில் சலுகை வாங்கும் மாணவர்கள் எந்த வகைப் பள்ளியில், எந்த மாவட்டத்தில், எந்தச் சமூகப் பிரிவில் இருக்கிறார்கள் என்பதை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். இடஒதுக்கீட்டுக்குக் கணக்கு கேட்ட இயக்கம் இதற்கும் கேட்கலாம்.

1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியபோது சோற்றுக்கும் பாடத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பசித்த பிள்ளை படிக்காது என்பதைப் புரிந்துகொண்டு சமையலறையைப் பள்ளிக்குள் கொண்டுவந்த மண் இது. காது கேளாத பிள்ளைக்கும் எழுத்து நழுவும் பிள்ளைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

இதை வாசிக்கும் தோழர்களுக்கு உடனே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களைச் சந்தியுங்கள். முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டிய, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய இடம் தர வேண்டிய குழு அது. அவர்களோடு சேர்ந்து மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். கடைசியாக மருத்துவக் குழு எந்தத் தேதியில் வந்தது? அது யாரை எங்கே அனுப்பியது? அனுப்பப்பட்ட குழந்தை இப்போது எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது? பதில் வரவில்லையென்றால் அதே மூன்று கேள்விகளை அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். சேரியிலிருந்து அந்தக் கூட்டத்துக்கு வரும் அம்மாக்களின் நெகிழிப் பைகளில் ஆதாரம் இருக்கிறது.